தேர்வுக் கரைப்பானேற்றம்

கரைசலில் உள்ள அயனியைக் கரைப்பானின் மூலக்கூறுகள் சூழ்ந்து பற்றிக்கொள்வது கரைப்பானேற்றம் எனப்படும். கரைப்பான் நீரானால் அதுவே நீரேற்றம். ஏற்றம் என்றதும் கிணற்றில் நீர் இறைக்கும் கருவி நினைவுக்கு வரக்கூடும் எனினும், இங்கு அச்சொல் மின்னேற்றம் என்பதிற்போல ஒன்றன்மேல் மற்றொன்று ஏற்றப்படுவதையே குறிக்கிறது. அயனி என்பது, செல்வது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1834இல் மைக்கேல் ஃபாரடே வழங்கிய பெயரின் தமிழ் வடிவமாகும்.

நீரும் கரிமக் கரைப்பானும் கலந்த கரைசலில், உலோக அயனியை ஒட்டியுள்ள கரைப்பான் உறையின் இயைபு கலவையின் மொத்த இயைபிலிருந்து வேறுபடுவதாலேயே தேர்வு என்னும் அடைமொழி வேண்டியதாயிற்று. ஆனால் அயனிக்கு விருப்பம் ஏதுமில்லை, பிணைப்பாற்றல்களின் வேறுபாடே அவ்வாறு தோன்றுகிறது. நீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த கரைசலில், நீரே மிகுதியாக இருப்பினும், வெள்ளி அயனி நைட்ரைலின் நைட்ரஜனையே நாடுகிறது. இருநேர்மின் செம்பு அயனியோ நீரின் ஆக்சிஜனை விடுவதில்லை. தனி நீரில் செம்பு உலோகமாகவும் இருநேர்மின் அயனியாகவும் சிதைந்துவிடும் ஒருநேர்மின் செம்பு அயனி, அசிட்டோநைட்ரைல் போதிய அளவில் சேர்ந்ததும் நிலைத்து நிற்பது இதன் பயன்மிக்க விளைவாகும்.

அயனியை ஒட்டிய உறை கரைப்பானுக்கேற்ப மாறுவதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று கோபால்ட்டு குளோரைடு: ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த அயனியால் இளஞ்சிவப்பாகத் தோன்றும் அதன் நீர்க்கரைசலில் அசிட்டோனை மிகுதியாகச் சேர்த்தால், நீர் விலகிய இடத்தைக் குளோரைடு அயனிகள் பற்ற, கரைசல் நீலமாகிறது.