வெள்ளை வட்டு சொன்ன சாட்சி

கெட்டுப்போன ஓர் ஏரி மீண்ட கதையைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் குழாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் செலவான கோடிகளையும்தான் சொல்கிறோம். அவற்றுக்கெல்லாம் முன்னால், ஏரி நல்ல நிலையில் இருந்தபோதே, யாரோ அதன் நீரை அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத ஊரில் ‘முன்பெல்லாம் தண்ணீர் தெளிவாக இருந்தது’ என்ற பேச்சுதான் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு எந்த நகராட்சியையும் அசைக்க முடியாது. ஏரிகளைக் காத்த வரலாற்றில் விடாமல் அளந்தவர்களின் பங்கு பெரிது என்பதும், அந்த வேலையைக் கரையோரக் குடிமக்களை நம்பிக் கொடுக்கலாம் என்பதும்தான் என் கட்சி.

அதற்கான கருவி மிக எளியது. 1865 ஏப்ரலில், போப்பாண்டவரின் கப்பலில் இருந்தபடி, ஏசு சபைப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி வெள்ளை வட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் அவை கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார். பிற்காலத்தில் ஏரிகளுக்கென்று அது 20 செ.மீ. விட்டத்தில், கால் கால் பங்காகக் கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டாக மாறியது. நண்பகலை ஒட்டி, எப்போதும் அளக்கும் அதே இடத்தில் படகை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிழல் விழும் பக்கமாக வட்டை இறக்குவார்கள். மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு இன்னும் சற்று இறக்கி, மெல்ல மேலே இழுத்து, மறுபடி தென்படும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுப்பார்கள். நீரில் பாசி பெருகப் பெருக அந்த ஆழம் குறைந்துகொண்டே வரும்.

இந்த அளவு என்ன சாதிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரி நல்ல சான்று. 1955இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டபிள்யூ. டி. எட்மண்ட்சனின் ஆய்வுக்குழு அந்த ஏரியில் ஆசிலட்டோரியா ருபெசென்ஸ் என்ற பாசியைக் கண்டது. சுவிட்சர்லாந்தின் சூரிக் ஏரி சீரழியத் தொடங்கியபோது அதிலும் இதே பாசிதான் தலைகாட்டியிருந்தது. ஆனால் ஒரு பாசியைக் காட்டி மட்டும் ஊரை நம்ப வைக்க முடியாது. வாஷிங்டன் ஏரியில் 1933இலும் 1950இலும் எடுத்த அளவுகள் பல்கலைக்கழகத்தில் இருந்தன. எவ்வளவு மாறியிருக்கிறது என்று எட்மண்ட்சனால் எண்களில் காட்ட முடிந்தது. அப்போது எழுந்த எதிர்வாதமும் நியாயமானதே: ஏரியில் கலப்பது சுத்திகரித்த கழிவுநீர்தானே, அது எப்படிக் கெடுக்கும்? அந்தச் சுத்திகரிப்பு கிருமிகளையும் அழுகும் பொருள்களையும் குறைத்தது, பாஸ்பரஸைப் பெருமளவு அப்படியே விட்டுவிட்டது. பார்வைக்குத் தெளிந்த அந்த நீர் பாசிக்கு உரமாகப் போய்ச் சேர்ந்தது. கழிவுநீரை ஏரியில் விடாமல் திருப்பும் பொறுப்பையும் ஏற்கும் மாநகர அமைப்பை உருவாக்கும் திட்டத்தை 1958 மார்ச்சில் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். திட்டத்தைக் கழிவுநீருக்கு மட்டும் என்று சுருக்கியபின் அதே ஆண்டு செப்டம்பரில் ஏற்றார்கள். 1963இல் தொடங்கி 1968க்குள் கழிவுநீர் முழுவதும் ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. 1964 கோடையில் ஒரு மீட்டர் போவதற்குள் மறைந்த வட்டு, 1970களின் பிற்பகுதியில் ஆறேழு மீட்டர் வரை தெரிந்தது. ஓர் ஏரி மீளும் என்று ஆண்டுவாரியாக நிரூபித்துக் காட்டிய அந்த ஏட்டை, அதற்காகப் புதைத்த குழாய்களுக்கு இணையான சொத்தாகவே மதிக்கிறேன்.

பாஸ்பரஸ் மேல் பழிபோடுவதை எல்லோரும் ஒப்பவில்லை. கார்பன்தான் காரணம் என்ற வாதத்தைச் சலவைத்தூள் தொழில்துறை பற்றிக்கொண்டது. கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973இல் ‘226’ என்ற எண்ணிட்ட ஏரியின் இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டுமே பச்சைப் பசேலென்று ஆனது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் வழக்கை ஏறக்குறைய முடித்துவைத்தது.

அதே 1973இல்தான் ஆயிரக்கணக்கான ஏரிகள் கொண்ட மினசோட்டா மாநிலத்தில், பல்கலைக்கழக முயற்சியாகக் குடிமக்கள் கையில் வட்டைக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அத்தனை ஏரிகளுக்கும் வாரந்தோறும் ஆள் அனுப்ப எந்த அரசாலும் ஆகாது; கரையில் வீடும் படகும் வைத்திருப்பவரால் ஆகும். பயிற்சியில்லாத கண் எடுத்த அளவை நம்பலாமா என்று கேட்பார்கள். ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடத்தான் செய்யும். ஆனால் ஒரே ஏரியில் வசந்தத்துக்கும் கோடைக்கடைசிக்கும் இடையே வட்டின் ஆழம் பல மடங்கு மாறுவதுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் நிபுணரின் துல்லிய அளவு, அந்த மாற்றத்தில் எந்த நாளைப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. பின்னாளில் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு அம்மாநிலத்தின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளின் தெளிவைக் கணித்த ஆய்வாளர்கள், கணிப்பைச் சரிபார்க்கத் தரையளவாகப் பயன்படுத்தியவற்றில் இந்தத் தன்னார்வலர்களின் குறிப்புகளும் உண்டு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: வட்டு எல்லாவற்றையும் பார்க்காது. வண்டல் கலங்கினாலும் பாசி பெருகினாலும் அதற்கு ஒன்றுதான். நம் செம்மண் ஏரிகளில் மழைக்குப்பின் அது சொல்வது மண்ணரிப்பையே. கரைந்த நஞ்சு அதற்குத் தெரியவே தெரியாது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஏரியின் சேற்றிலும் மீனிலும் இருப்பதை ஆய்வகச் சோதனைதான் காட்டியது. நீரில் எத்தனை வட்டு இறக்கியிருந்தாலும் அது தெரிந்திருக்காது. இதை மறுக்க நான் முயலவில்லை. ஆய்வகம் வேண்டாம் என்பதல்ல வாதம். ஆய்வகத்துக்கு எந்த வாய்க்காலின் நீரை, எந்த மாதத்தில், எந்த மழைக்குப் பின் எடுத்து அனுப்புவது என்பதை, ஏரியை வாரந்தோறும் பார்க்கிறவரால்தான் சொல்ல முடியும்.