கரிக்குருவி கேட்ட வரம்

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் செல்பவர்கள், ஒத்தக்கடையை நெருங்கும்போது துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் அந்த யானையைக் காணாமல் போக முடியாது. நகருக்கு மேற்கே நாகம் நீண்டு கிடக்கிறது. தென்மேற்கே பசு. மலைகளுக்கெல்லாம் விலங்கின் பெயரிட்டு, அவற்றின் நடுவே வாழப் பழகிய ஊர் இது. பிள்ளைகள் ஏன் விலங்குக் கதைகளை இத்தனை விரும்புகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடும் நம் விமர்சகர்கள் உடனே கிப்ளிங்கின் 1894ஆம் ஆண்டுக் கானகத்துக்கோ, ஜிம் கார்பெட்டின் குமாயுன் மலைச்சரிவுகளுக்கோ போய்விடுகிறார்கள். போகட்டும். நாம் கொஞ்சம் வைகைக்கரையிலேயே நின்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அறுபத்து நான்கு படலங்களைக் கொண்டது. பக்தி நூலாகவும் தல புராணமாகவும் அதைப் பாடம் சொல்லிப் பழகிவிட்ட நமக்கு, அதனுள் எத்தனை விலங்குகள் உலவுகின்றன என்பது சட்டென்று உறைப்பதில்லை. சாபம் தீர வரும் வெள்ளை யானை, கரும்பு தின்னும் கல்யானை, வேள்வித் தீயிலிருந்து எழுந்து வரும் கொலையானை, நஞ்சு கக்கும் நாகம், மாயப்பசு, தாயை இழந்த பன்றிக்குட்டிகள், காக்கைகளால் கொத்துண்ட கரிக்குருவி, மீன் தின்ன வெட்கப்படும் நாரை, குதிரையாகி மீண்டும் நரியாகும் நரிகள். இளங்கலை வகுப்பில் இந்நூலை நடத்தும்போது நாம் கண்டது ஒன்றுண்டு. இறைவனின் அருட்செயலை விளக்குகையில் சன்னலுக்கு வெளியே போய்விடும் கண்கள், கல்யானை துதிக்கையை நீட்டிப் பாண்டியனின் முத்துமாலையைப் பறிக்கும் இடத்தில் திரும்பி வந்துவிடும். பத்தொன்பது வயதிலும் அந்தப் பிள்ளைமை போவதில்லை.

இக்கதைகளைப் பிள்ளைகள் ஏட்டில் படித்து அறிந்தவர்களல்லர். மீனாட்சியம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் திருவிளையாடல்கள் நாளொன்றாக நிகழ்த்திக் காட்டப்படுகின்றன. கரிக்குருவிக்கு உபதேசம் ஒரு நாள், நாரைக்கு முத்தி மறுநாள். தந்தையின் தோளில் அமர்ந்து கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகப் பார்த்த குழந்தைக்கு, எழுத்தறியும் முன்பே இக்கதைகள் சொந்தமாகியிருந்தன.

கரிக்குருவியின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முற்பிறவியின் வினையால் குருவியாகப் பிறந்த ஓருயிர். காக்கைகள் அதை விரட்டி விரட்டிக் கொத்துகின்றன. தலையில் குருதி வழிய ஊரை விட்டே பறந்து, காட்டில் ஒரு மரக்கிளையில் சோர்ந்து உட்காருகிறது. மரத்தடியில் வழிப்போக்கர்கள் மதுரையின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டுப் புறப்படுகிறது. பொற்றாமரையில் நீராடி வழிபடுகிறது, உபதேசம் பெறுகிறது, வலியன் என்ற பெயரும் வலிமையும் பெறுகிறது. அத்துடன் நின்றிருந்தால் அது ஒரு சாதாரண வரக்கதைதான். குருவி மேலும் கேட்கிறது. எனக்கு மட்டும் போதாது, என் இனம் முழுவதற்கும் இந்த வலிமை வேண்டும் என்கிறது. கிடைக்கிறது.

சாகசக் கதையின் எலும்புக்கூடு முழுவதும் இதற்குள் இருக்கிறது என்பது நம் துணிபு. சிறியதாகப் பிறந்ததன் அவமானம், வீட்டை நீங்குதல், ஒட்டுக்கேட்ட ஒரு சொல்லை நம்பிப் பயணம், திரும்பி வந்து பகைவனை எதிர்கொள்ளல். பெரியவர்களின் உலகில் குழந்தையின் நிலையும் அக்குருவியின் நிலைதானே? யாரோ கிளைக்குக் கீழே பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் குழந்தையும் உலகை அறிகிறது. மனித வீரனிடம் பிள்ளை தன்னைப் பொருத்திக்கொள்ளச் சாதியும் குலமும் உடலும் குறுக்கே வரலாம். குருவியிடம் அந்தத் தடை இல்லை.

இன்னொன்றும் உண்டு. கரிச்சான் என்றும் இரட்டைவால் குருவி என்றும் நாம் அழைக்கும் அந்தப் பறவை, மெய்யாகவே தன் கூட்டை நெருங்கும் காக்கையைத் துரத்தித் துரத்திக் கொத்தும். பருந்தையும் விடாது. அதன் துணிவை நம்பிச் சிறு பறவைகள் அதன் கூட்டருகே கூடு கட்டுவதைப் பறவையியலாளர் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, புராணத்துக்குள் இக்கதை வருவதற்கு முன்பே, வயல்வரப்பில் நின்று இதைப் பார்த்து, ‘இத்தனூண்டு குருவிக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது’ என்று வியந்த யாரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் மாடு மேய்த்த சிறுவராகவே இருந்திருப்பார் என்று எண்ணிக்கொள்ள நமக்கு ஆசை. சான்று கேட்டால் கையில் இல்லை.

எல்லா விலங்குக் கதைகளும் இத்தனை களங்கமற்றவை அல்ல. யானையையும் நாகத்தையும் பசுவையும் மதுரையை அழிக்க ஏவியவர்கள் சமணர்கள் என்கிறது புராணம். இறைவன் வேடனாக வந்து யானையை எய்தான், நாகத்தைப் பாண்டியன் எய்தான், பசுவின் எதிரே நந்தி காளையாகச் சென்றது, மூன்றும் மலையாயின. ஆனால் அம்மலைகளில் ஏறிப் பார்த்தால் கிடைப்பது வேறு வரலாறு. யானைமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், பிற்காலத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருக்கின்றன. நாகமலையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் அப்படியே. அதே யானைமலையின் அடிவாரத்தில் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770இல் குடைவித்த நரசிங்கர் கோயிலும் நிற்கிறது. நூற்றாண்டுகளாக ஒரே மலையைப் பங்கிட்டுக்கொண்ட இரு சமயங்களில் தோற்றதன் மீது, வென்றதன் கதை விலங்கை ஏவிவிட்டது. குழந்தை யானையை மட்டும் பார்க்கிறது. பகையையும் சேர்த்து விழுங்குகிறது. விலங்குக் கதைகளின் கவர்ச்சியைப் போற்றுவோர் இந்த வலுவையும் கணக்கில் கொள்ளவேண்டும். பிடிக்கும் கதைதான் ஆழ இறங்கும்.

அச்சு வந்தபின் நிகழ்ந்தது வேறொரு இழப்பு. தாண்டவராய முதலியார் மராட்டியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் வெளியாயிற்று. தமிழ் உரைநடைக்கு அது பெரும் பேறு. ஆனால் பள்ளிப் பாடநூல்கள் அந்த மரபிலிருந்து எடுத்துக்கொண்டது நீதியைத்தான். நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் மடமை என்று விலங்குகள் பண்புகளின் முத்திரைகளாகச் சுருங்கின. பன்றிக்குட்டிகளைப் பாண்டியனின் அமைச்சர்களாக்கிப் பார்த்த கற்பனைக்கு அந்தச் சுருக்கம் தெரியாது.

பிள்ளைகள் தமக்கு வேண்டியதை வேறு வழியில் தேடிக்கொண்டார்கள். 1947இல் அம்புலிமாமா வந்தது. பின்னர் தெற்கே சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். 1984இல் தொடங்கிய பூந்தளிரில், வாண்டுமாமாவின் ஆசிரியத்துவத்தில், விரும்பியபடி வாலை நீட்டிக்கொள்ளும் குரங்கு கபீஷ் நம் தலைமுறையின் மதிய உணவு இடைவேளைகளை ஆண்டது. நீதி ஏதும் சொல்லாமலே அது எங்களை நல்லவர்களாக்க முயன்றது. முழுதும் வென்றதாகச் சொல்ல முடியாது.

விலங்கை விலங்காகவே நிறுத்திய கதைக்குச் சி.சு. செல்லப்பாவிடம் வரவேண்டும். வத்தலக்குண்டுக்காரரான அவரது ‘வாடிவாசல்’ சிறுவர் நூல் அல்ல. ஆயினும் சிறுவர் கதைகளிலிருந்து வெளியேறும் வயதினர் கையில் முதலில் கொடுக்க அதைவிடப் பொருத்தமான நூலை நாம் அறியோம். காரி என்னும் காளை அதில் பேசுவதில்லை, எண்ணுவதாகவும் காட்டப்படுவதில்லை. அதன் மீது மனிதர்கள் ஏற்றி வைக்கும் மானமும் பழியும் ஜமீன் பெருமையுமே கதை. இறுதியில் குண்டு பாய்வது மட்டும் காளையின் மீது. கரிக்குருவிக்குக் கிடைத்த வரம் காரிக்குக் கிடைக்கவில்லை.

பின்வந்தவர்களும் குறைந்தவர்களல்லர். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2010இல் தொடங்கியபோது தமிழுக்கான முதல் விருதைப் பெற்றது திண்டுக்கல் ம. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’. இராஜபாளையத்துக் கொ.மா. கோதண்டத்தின் ‘காட்டுக்குள்ளே இசை விழா’ 2012இல் அவ்விருதைப் பெற்றது. இரண்டும் நம் பக்கத்து ஊர்கள்.

மலைகளின் கதை முடிந்துவிடவில்லை. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டபோது சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. மேலூருக்கு அருகே அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அலங்கும் தேவாங்கும் வல்லூறும் வாழும் இடம். 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்துள் அப்பகுதியும் அகப்பட்டது, ஊர்கள் திரண்டன, 2025 சனவரியில் ஏலம் ரத்தாயிற்று. அலங்கைப் பற்றியோ தேவாங்கைப் பற்றியோ ஒரு நல்ல சாகசக் கதையை நாம் இன்னும் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக நினைவில்லை. எழுதுபவர்கள் மேலூர்ப் பக்கம் ஒருமுறை போய்வரலாம். வழியில் ஒத்தக்கடையைத் தாண்டியதும் மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். பிளந்த வாலுடன் வலியன் உட்கார்ந்திருக்கும், காக்கை வரும் திசையைப் பார்த்தபடி.