அண்ணனின் காலடியில்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பார்ன்ஸ்லி நகருக்கு அருகே உள்ள சில்க்ஸ்டோன் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். அதன் பங்குக் கோவிலுக்குள் 1675இல் இறந்த சர் தாமஸ் வென்ட்வொர்த்தும் அவர் மனைவி கிரேஸும் கல்லறைச் சிற்பங்களாகப் படுத்திருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது வெளியே, கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் நினைவுச்சின்னத்தை. 1838 ஜூலை 4 அன்று ஹஸ்கர் சுரங்கத்தில் மூழ்கி இறந்த 26 பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒரு பக்கம் 15 ஆண்பிள்ளைகள், மறுபக்கம் 11 பெண்பிள்ளைகள். வயது 7 முதல் 17 வரை.

பெண்கள் வரிசையில் ஒரு பெயரோடு கூடுதலாக ஒரு குறிப்பு உண்டு. 11 வயது எலிசபெத் கிளார்க்சன், தன் சகோதரன் ஜேம்ஸின் காலடியில் கிடக்கிறாள். அவனுக்கு வயது 16. அண்ணன் இறங்கிய சுரங்கத்தில் தானும் இறங்கி, அதே நீரில் மூழ்கியவளுக்கு மண்ணுக்குள் கிடைத்த இடம் அது.

அன்று பெய்த பெருமழை, ஆட்களை மேலே இழுக்கும் நீராவி எந்திரத்தின் நெருப்பை அணைத்துவிட்டது. காத்திருக்கப் பயந்த பிள்ளைகள், மலைச்சரிவில் திறக்கும் சாய்வழியாக வெளியேறப் பார்த்தார்கள். ஓடை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. காற்றோட்டத்துக்காக வைத்திருந்த கதவை, எதிரே வந்த வெள்ளம் திறக்கவிடவில்லை.

கல்வெட்டு வாசிக்கும்போது வினைக்கு எழுவாய் யார் என்று பாருங்கள் என்பேன் மாணவிகளிடம். இந்தக் கல்லில் எழுவாய் ஆண்டவர். இடியையும் மழையையும் அனுப்பியவர் அவர். பிள்ளைகளைத் தம்மிடம் அழைத்துக்கொண்டவரும் அவரே. சுரங்க முதலாளி கிளார்க்கின் பெயரும் மரியாதைப் பட்டத்தோடு இருக்கிறது. ஆனால் சுரங்கம் யாருடையது என்று சொல்வதற்கு மட்டும்.

1842இல் குழந்தைத் தொழில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. இடுப்பில் பட்டையும் கால்களுக்கிடையே சங்கிலியுமாக வண்டி இழுத்த பெண்களின் சாட்சியங்கள் அதில் இருந்தன. மேல்தட்டு இங்கிலாந்தை அதிரவைத்ததில் அவர்களுடைய களைப்பைவிட, ஆண்களுக்கிடையே அரைகுறை ஆடையில் அவர்கள் நின்றதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டு வந்த சட்டம், பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களோடு சேர்த்து, எந்த வயதுப் பெண்ணும் நிலத்தடியில் வேலை செய்யக்கூடாது என்றது. பத்து வயதுச் சிறுவன் இறங்கலாம். முப்பது வயதுப் பெண் இறங்கக்கூடாது. அவள் இழந்த கூலிக்கு ஈடாக எதையும் அந்தச் சட்டம் தரவில்லை.

சிறுமிகள் அந்த இருட்டிலிருந்து மீண்டது பெரிய விடுதலை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆபத்தான சுரங்கத்தைத் திருத்துவதற்கு முன் பெண்ணை வெளியேற்றுவது சட்டத்துக்கு எளிதாக இருந்தது. அந்த எளிய வழி நம் நாட்டுக்கும் வந்தது. இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் பெண்களுக்கு நிலத்தடி வேலையைத் தடுத்தது. 2019இல்தான் நிபந்தனைகளோடு அது தளர்ந்தது.

எலிசபெத்தின் சாவைக் கல் ஆண்டவரின் செயல் என்றது. சட்டம், பெண் அங்கே இருந்ததையே குற்றமாகப் பார்த்தது. முதலாளி செய்திருக்க வேண்டியது என்ன என்ற கேள்வியை இரண்டுமே அவரிடம் கேட்கவில்லை.