மூத்த பந்தும் இளைய சுட்டியும்

பெங்களூரிலும் புனேயிலும் தில்லியிலும் கணிப்பொறிக்கு முன் அமர்ந்து உழைக்கும் நம்மவருள் சிலர், மணிக்கட்டு வலி பொறுக்காமல், மௌஸ் என்னும் சுட்டியை ஒதுக்கிவிட்டு, டிராக்பால் என்னும் உருள்பந்தை வாங்கி மேசைமேல் வைத்திருக்கின்றனர். கடைக்காரர் அதனைப் புதுமை என்று கூறி விற்றிருக்கக்கூடும். உண்மையில், அது மௌஸுக்கு மூத்தது.

பிரிட்டிஷ் கடற்படைக்காக ரேடார் திரைகளை ஆராய்ந்துவந்த ரால்ஃப் பெஞ்சமின் என்பவர், திரையில் தோன்றும் விமானத்தைச் சுட்டுவதற்கென 1946-ஆம் ஆண்டளவில் உருள்பந்து ஒன்றை வகுத்தார். போர்த்துறை இரகசியமாதலால் உலகம் அதனை அறியவில்லை. 1952-இல் கனடா நாட்டுக் கடற்படையின் 'டாட்டார்' திட்டத்திலும் ஒரு பந்து இடம்பெற்றது. அப்பொறியியலாளர் அதற்குத் தேர்ந்தெடுத்தது, விளையாட்டரங்கில் உருட்டும் சிறு பௌலிங் பந்து!

மௌஸ் 1964-இல்தான் பிறந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட் அதனை எண்ணினார். பில் இங்கிலிஷ் மரப்பெட்டியில் அதற்கு உருக்கொடுத்தார். அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே பொத்தான். அதனோடு ஒளிப்பேனாவையும், ஜாய்ஸ்டிக்கையும், மேசைக்கு அடியில் முழங்காலால் தள்ளும் நெம்புகோல் ஒன்றையும் அவர்கள் ஒப்பிட்டுச் சோதித்தனர். பழகியவர் கையில் மௌஸ் வென்றது. பழகாதவர்க்கோ முழங்கால் கருவியே மௌஸைவிட விரைவாக வந்தது. ஆயினும் அவர்கள் அளந்தவை விரைவும் பிழையுமே. ஆண்டுக்கணக்கில் அதனைப் பற்றியிருக்கும் கைக்கு என்ன நேரும் என்பது அச்சோதனையின் கேள்வியன்று. அதற்காக அவர்களைக் குறைகூறுவதும் முறையாகாது. நாள் முழுதும் திரைமுன் அமர்ந்தவர் அன்று எத்தனை பேர்?

1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டாஷ் வெளிவந்த பின்னர், மௌஸ் பொதுமக்கள் மேசைக்குப் பரவலாயிற்று. வலியும் உடன் வந்தது.

ஆனால் அந்த வலி புதியதா? இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமட்சினி, தொழிலாளர் நோய்கள் குறித்து 1700-இல் வெளியிட்ட நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்துள்ளார். ஓயாமல் அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக இடைவிடாது அசைத்தல், மனத்தை இறுக்கிவைத்தல் ஆகியவற்றை அவர் காரணங்களாகக் கண்டார். வலக்கை சோர்ந்துபோன ஒரு பத்திர எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகினாராம். சில நாளில் அந்தக் கையையும் அதே நோய் பற்றியதாம். மௌஸை இடப்புறம் மாற்றிவைத்து நிம்மதியடைவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். தந்தி அனுப்புவோர்க்கு வரும் கைப்பிடிப்பை, 1908-இல் பிரிட்டன் நட்டஈட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்றது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் ரயிலேறிய நம் முன்னோரின் விரல்கள் பட்ட பாட்டை எழுதிவைத்தவர் யார்?

மௌஸைப் பிடிக்கையில் உள்ளங்கை கீழ்நோக்குகிறது. முன்கை எலும்புகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடுகின்றன. விசைப்பலகையின் வலக்கோடியில் எண் விசைகள் இருப்பதால், அதற்கும் அப்பால் கை எட்ட வேண்டியிருக்கிறது. கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்து மௌஸ் முதற்குறையைத் தணிக்கிறது. எண் விசைகள் இல்லாத பலகை இரண்டாவதைக் குறைக்கிறது. இதற்குச் செலவும் பெரிதன்று. உருள்பந்தோ நகராமல் ஓரிடத்தில் கிடப்பதால், தோளும் முழங்கையும் ஓய்வு பெறுகின்றன. எனினும் கட்டைவிரலால் உருட்டும் வகையில் பாரம் முழுவதும் அவ்விரலுக்கே மாறிவிடும். பல விரல்களால் உருட்டும் பெரிய பந்தையே நாம் விரும்புவோம். இரவில் விரல் மரத்துப்போகுமாயின், கருவி தேடிக் கடைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முழங்கால் நெம்புகோல் மட்டும் சந்தைக்கு வராமலே நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தும் வேலையைக் காலுக்கு மாற்றும் மிதிகட்டைகள் இப்பொழுது விற்பனைக்கு உள்ளன. நம் அலுவலகங்களில் அவற்றைக் காண்பது அரிது.