சுண்ணாம்புக்கு அடியில் ஒரு ஊரின் கதை

பிரான்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாரிஸின் நோத்ர தாம். எனக்கு நினைவுக்கு வருவது நடு பிரான்சில், பெர்ரி வட்டாரத்தில் உள்ள விக் என்ற சிற்றூரின் புனித மார்ட்டின் தேவாலயம்.

12ஆம் நூற்றாண்டில் அதன் உட்சுவர்களில் இறுதி இராவுணவு, யூதாசின் முத்தம் என்று ஓவியங்கள் தீட்டினார்கள். எழுத்தறியாத உழவர்கள் வேதக் கதையைச் சுவரில் பார்த்தார்கள். அந்நாளில் கிராமத்துக்குக் கோயில் மணிதான் கடிகாரம். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பங்குச்சாமியாரின் ஏட்டில்தான். 1792இல்தான் புரட்சி அரசு அந்தப் பதிவை ஊராட்சியிடம் கொடுத்தது.

விக் ஓவியங்களின் மேல் எப்போதோ சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். 1849இல் ஊர்ப் பங்குச்சாமியார் அவற்றைக் கண்டுபிடித்தார். பக்கத்து நொஆனில் வாழ்ந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாந்த், நினைவுச்சின்னங்களின் தலைமை ஆய்வாளரான மெரிமேயின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1850இல் அரசுப் பாதுகாப்பு கிடைத்தது.

1905இல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிந்தன. அதையொட்டிப் பழைய பங்குக் கோயில்கள் ஊராட்சிகளின் சொத்தாயின. இன்று பூசைக்கு ஆள் குறைவு. ஆனாலும் கூரை ஒழுகினால், கோயில் பக்கமே போகாதவரின் வரிப்பணமும் அதற்குச் செலவாகிறது. அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. அவருடைய முப்பாட்டன் பெயரும் அந்த ஏட்டில்தானே இருக்கும்!