தென்னாப்பிரிக்க இந்தியரின் விவாகமும் அரசாங்கப் பதிவேடும்

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறையை அடைந்தபோது, கரும்புத் தோட்டங்களுக்கென்று ஒப்பந்தம் செய்யப்பட்ட நம் மக்களிற் சிலர் மனைவி மக்களோடு கரையிறங்கினர். ஆயினும் அங்கே அவர்களை எதிர்கொண்ட நேட்டால் அரசாங்கத்தின் பேரேடு, குடும்பங்களை அறிவதற்கென்று ஏற்பட்டதன்று, வேலைக்கு வந்த கைகளை எண்ணுவதற்கென்று ஏற்பட்டது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக வகுக்கப்பட்ட அந்த ஏட்டில், புருஷனுக்கு ஓர் எண்ணும் மனைவிக்கு வேறோர் எண்ணும் வழங்கப்பட்டன. 1911 வரையில் இவ்வாறு எண் பெற்று நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மார்க்கமாகச் சென்றவர்கள். ஆதலின், அந்நிய நாட்டில் விவாகப் பதிவு எவ்வாறு ஏற்பட்டது என்று ஆராயப் புகும் தமிழர், தம் சொந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதியையே ஆராய்கின்றனர்.

ஒப்பந்தத் தொழிலாளரின் இல்லற வாழ்க்கையை முறைப்படி ஏட்டிலேற்றும் ஏற்பாடு, நேட்டாலின் 1891-ஆம் வருஷத்து 25-ஆம் சட்டத்தில் விரிவாக இடம்பெற்றது. விவாகங்களைப் பதிவு செய்யும் பொறுப்பு, இந்தியக் குடியேறிகளின் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்ட முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நிற்கவேண்டிய உத்தியோகஸ்தரே, கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான உறவுக்கும் சாட்சியானார். இதில் நன்மை அறவே இல்லையென்று சொல்வதற்கில்லை. சொந்த ஊரும் சுற்றமும் சாட்சி சொல்ல எட்டாத தூரத்தில் இருந்தபோது, எழுத்திலுள்ள ஓர் ஆதாரம் ஏழைப் பெண்ணுக்குப் பெருந்துணையே. ஆனால் அச்சட்டம் ஒப்பந்தத்தில் வந்தோரையும் அவர்தம் சந்ததியாரையும் மட்டுமே தழுவியது. சொந்தச் செலவில் கப்பலேறி வந்த வியாபாரிகளும் பிற தொழிலினரும் அதற்குப் புறம்பே நின்றனர். அவர்களுடைய விவாகங்கள் சமயச் சடங்கின் பலத்தில் மாத்திரமே நிலைபெற்றிருந்தன.

அந்தப் பலம் நியாயஸ்தலத்தில் செல்லுமா என்பதற்கு வேறொரு தேசத்தில், நம்மவரோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத ஒரு வழக்கிலேயே விடை உருவாகிவிட்டிருந்தது. அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் மார்மன் சமய முறைப்படி நடந்த ஒரு விவாகத்தைப் பற்றி 1866-இல் இங்கிலாந்தில் தீர்ப்பளித்த பென்சான்ஸ் பிரபு, ஒருவன் ஒருத்தியோடு ஆயுள் முழுமைக்கும், பிறர் எவரையும் விலக்கி, இணைவதே கிறிஸ்தவ நாடுகள் கருதும் விவாகம் என்று வரையறுத்தார். இவ்வரையறையை அளவுகோலாகக் கொண்டால், பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் சடங்குப்படி மணந்தவன், உண்மையில் ஒரே மனைவியோடு நேர்மையாக வாழ்ந்திருப்பினும், அவனுடைய விவாகம் விவாகமாகாது. மனிதன் எவ்வாறு வாழ்ந்தான் என்று பாராமல், அவன் சமயம் எதை அனுமதிக்கிறது என்று பார்க்கும் இந்த நியாயம், எனக்கு என்றைக்கும் நியாயமாகத் தோன்றியதில்லை.

1913 மார்ச் 14-ஆம் தேதி, கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஸேர்ல், இந்தக் கொள்கையைத் தென்னாப்பிரிக்க இந்தியரின் இல்லங்களுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். போர்ட் எலிசபெத் நகரில் குடியிருந்த ஒரு முஸ்லிம், இந்தியாவிலிருந்து வந்த தம் மனைவியைக் கரையிறக்க உரிமை கோரியபோது, முஸ்லிம் முறைப்படி நடந்த அவ்விவாகம் அந்நாட்டுச் சட்டம் அங்கீகரிக்கும் விவாகமன்று என்பது தீர்ப்பாயிற்று. வழக்கு ஒருவருடையதாயினும், அதன் காரியப் பலன் ஹிந்து, முஸ்லிம், பார்ஸி என்ற பேதமின்றி அனைவரையும் தாக்கிற்று. வருகையுரிமை, வாரிசுரிமை, குழந்தைகளின் அந்தஸ்து யாவும் ஒரே நாளில் ஆட்டங்கண்டன.

அதன்பின் காந்தியடிகளின் தலைமையில் நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தை, ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கியவர்கள்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் தலைவரியோடு மட்டும் சேர்த்து நினைப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. பெண்கள் சிறை புகுவதற்கு உடனடிக் காரணமாயிருந்தது விவாகத்தைப் பற்றிய இத்தீர்ப்பே என்பதை வற்புறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில், கஸ்தூரிபாயும் காந்தியடிகள் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பைச் சேர்ந்த பிறரும் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலின் எல்லையைக் கடந்து சிறைப்பட்டனர். எதிர்த்திசையில், டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குள் நுழைந்த பெண்கள் குழுவில் பெரும்பாலோர் தமிழர். சத்தியாக்கிரகத் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அவர்களில் ஒருவர். பலர் கைக்குழந்தையோடு வந்தவர்கள். அவர்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரிடம் தமிழிலேயே பேசி, வேலையை நிறுத்தும்படி வேண்டினர். அக்டோபரில் வேலைநிறுத்தம் மூண்டது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. நவம்பர் 6-ஆம் தேதி காந்தியடிகளோடு எல்லையை நோக்கி நடந்தவர்கள், அவருடைய கணக்கின்படியே, 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும். மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலைக்குப் பின் 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்த வள்ளியம்மை, தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்துப் பெண்; மணமாகாதவர். தம் தாயின் விவாகத்தையும், தம்மையொத்த பெண்கள் எல்லோருடைய விவாகத்தையும் சட்டம் மதிக்கவேண்டும் என்பதற்கும் சேர்த்தே அந்தக் கன்னி சிறை சென்றார் என்று கொள்வது தவறாகாது.

நீதிபதி ஸாலமன் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷனின் சிபார்சைத் தொடர்ந்து, 1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. தலைவரி ஒழிந்தது. இந்தியச் சமயங்களின் குருமார்களையே விவாக அதிகாரிகளாக நியமிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் ஏற்பட்டது. முன்னரே சமய முறைப்படி இணைந்து, வேறு மனைவியில்லாமல் வாழும் தம்பதிகள் மனுச் செய்துகொண்டால், அவர்களுடைய உறவைப் பதிவு செய்து சட்டபூர்வமான விவாகமாக ஏற்க வழி பிறந்தது. வெளிநாட்டில் மணந்த ஒரே ஒரு மனைவிக்கும், அவள் வயிற்றுப் பிள்ளைகளில் மைனர்களுக்கும் வருகையுரிமை கிட்டியது. பதிவேட்டை எதிர்த்து எழுந்த போராட்டமன்று இது. பதிவேட்டில் மனைவி என்ற ஸ்தானத்தோடு இடம்பெறுவதற்காக நடந்தது. தொழிலாளியாகப் பெற்ற எண்ணுக்கும் இல்லக்கிழத்தியாகப் பெற்ற இந்த இடத்துக்கும் இடையே ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

எனினும் சட்டம் கதவைத் திறந்ததேயன்றி, எல்லோரையும் உள்ளே அழைத்துச் செல்லவில்லை. பதிவு செய்துகொண்டவர்க்கே அதன் பயன். 1917-இல், ஸீதாத் என்பவரின் சொத்து சம்பந்தமான வழக்கில், இந்தியாவில் முறைப்படி நடந்த விவாகமேயாயினும் பலதார மணத்துக்கு இடந்தரும் விவாகத்தைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் ஏற்காது என்று மேல் முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. ஆகவே, தாலி கட்டி ஊரைக் கூட்டி விருந்திட்டதோடு காரியம் முடிந்ததென்று நம்பிய குடும்பங்களில், புருஷன் உயிலெழுதாமல் இறந்த மறுநாளே மனைவி அந்நியளாகும் நிலை நூற்றாண்டின் இறுதியையும் தாண்டி நீடித்தது.

அவ்வாறு கணவனை இழந்த ஒரு ஹிந்துப் பெண்ணுக்கும், மகனின் வாரிசு தாமே என்று வந்த அவள் மாமனார் மாமியாருக்கும் இடையே எழுந்த வழக்கை 2008-இல் விசாரித்த டர்பன் உயர் நீதிமன்றம், பதிவு செய்யப்படாவிடினும் ஏகதார மணமாக ஹிந்து முறைப்படி நடந்த விவாகத்தின் மனைவி, வாரிசுச் சட்டத்தின்படி மனைவியே என்று தீர்த்தது. விவாகச் சட்டத்தின் அங்கீகாரத்துக்கோ முஸ்லிம் பெண்கள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பதிவு பெறாத அவர்களுடைய விவாகங்களை விவாகச் சட்டமும் விவாகரத்துச் சட்டமும் அங்கீகரியாமல் விட்டிருப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று, 2022 ஜூன் மாதத்தில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கூறி, குறையைத் திருத்தப் பார்லிமெண்டுக்கு இரண்டாண்டுத் தவணை கொடுத்தது.