ஓலைக்கும் அச்சுக்கும் நடந்த வாது

திருவண்ணாமலைக்காரர்களுக்கு வாது புதிதல்ல. யார் பெரியவர் என்று பிரம்மாவும் திருமாலும் மோதிக்கொண்டதில்தான் இந்த ஊரின் தலபுராணமே தொடங்குகிறது. ராஜகோபுரத்தைத் தாண்டியதும் இருக்கிற கம்பத்து இளையனார் சன்னிதிக்கும் ஒரு வாதுக் கதை உண்டு. சம்பந்தாண்டான் விட்ட சவாலை ஏற்று அருணகிரிநாதர் பாட, பிரபுடதேவராயன் முன்னிலையில் முருகன் கம்பத்தில் காட்சி தந்தான் என்பார்கள்.

இதே ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளி இருக்கிறது. லுத்தரன் சபையார் தொடங்கியது. இதே மாவட்டத்துச் சேத்துப்பட்டில், பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த தாராஸ் அடிகளார் எழுப்பிய லூர்து மாதா ஆலயம் நிற்கிறது. அது கத்தோலிக்கம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்து ‘கிறிஸ்தவர்கள்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இரு தரப்பும் தமிழிலேயே, தமிழர்களுக்காகவே, கடுமையாக வாதிட்டுக்கொண்டன. ஐரோப்பாவிலிருந்து வந்த சண்டைதான் என்றாலும், இங்கே அது எடுத்த வடிவம் நம் மண்ணுக்கே உரியது.

சென்ற வாரம் மதுரையில் கத்தோலிக்கக் குருவான தத்துவபோதகர் நொபிலியைப் பார்த்தோம். மறுபிறவிக் கொள்கையை மறுத்து அவர் எழுதினார். தன் மதத்தின்மீது வீசப்பட்ட பழிகளுக்குத் ‘தூஷண திக்காரம்’ என்று பதில் எழுதினார். அவருக்கு எதிரே நின்றவர்கள் சைவரும் வைணவரும் வேதாந்திகளும். 1706 ஜூலையில் நிலைமை மாறியது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சாவும் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது ஏறத்தாழ 24 வயது. இரண்டே ஆண்டுகளில் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் ஒரு பட்டியல் எழுதினார். அதில் கத்தோலிக்கர்கள் எழுதிய நூல்களும் இருந்தன. கிறிஸ்தவச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதை அவர் அவற்றிலிருந்தே கற்றார்.

பிறகு அச்சுப்பொறி வந்தது. 1714-இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய புத்தகம் தரங்கம்பாடியில் அச்சேறியது. மறு ஆண்டு புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பக்கத்துப் பொறையாறில் ஒரு காகித ஆலையே வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. தமிழை முதலில் அச்சேற்றியவர்கள் கத்தோலிக்கர்கள்தாம். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. 1679-இல் அம்பழக்காட்டில் ஒரு தமிழ்–போர்த்துகீசிய அகராதியும் வந்தது. அதற்குப் பின் அவர்களுடைய தமிழ் அச்சு ஓய்ந்துபோயிற்று. லுத்தரன்கள் அச்சுப் புத்தகத்தோடு வந்தபோது கத்தோலிக்கர்களின் கையில் இருந்தது ஓலையும் எழுத்தாணியும்தான்.

அச்சின் வலிமை தஞ்சைப் படைமுகாமில் தெரிந்தது. ராஜநாயக்கன் தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் சிறு தலைவர், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான அந்த நற்செய்திப் புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்ந்தது. படித்தார். படிக்கப் படிக்கக் கேள்விகள் எழுந்தன. 1720-களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்துவிட்டார். எந்தக் குருவும் வாதாடி அவரை இழுக்கவில்லை. ஒரு புத்தகம் இழுத்தது. குரு இல்லாத இடத்திலும் புத்தகம் பேசிக்கொண்டே இருக்கும் என்பதைக் கத்தோலிக்கத் தரப்பு அப்போதுதான் உணர்ந்தது என்று நினைக்கிறேன்.

அந்தத் தரப்பில் பதில் சொல்ல எழுந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இயேசு சபைக் குரு. 1710-இல் கோவாவுக்கு வந்து, பிறகு தமிழகத்துக்கு வந்தவர். திருக்காவலூர் என்ற ஏலாக்குறிச்சியில் இருந்தபடி 1726-இல் 3,615 விருத்தங்களில் ‘தேம்பாவணி’யை முடித்தார். அடுத்த ஆண்டு ‘வேதியர் ஒழுக்கம்’. அதற்கு அடுத்த ஆண்டு, 1728-இல், லுத்தரன்களுக்கு மறுப்பாக ‘வேதவிளக்கம்’.

காப்பியப் புலவர் ஏன் உரைநடைக்கு இறங்கி வந்தார்? இதற்கான விடையில்தான் இந்த வாதின் உயிர் இருக்கிறது. அன்றைய கிறிஸ்தவ ஊர்களில் சுவாமியார் எப்போதும் இருக்கமாட்டார். ஒருமுறை வந்து போனால் மறுபடி வர மாதக் கணக்காகும். இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. ‘வேதியர் ஒழுக்கம்’ அந்த உபதேசியார்களுக்காக எழுதப்பட்டதுதான். சந்தையிலோ சாவடியிலோ ஒரு லுத்தரன் புத்தகத்தை விரித்து, “மாதாவிடம் ஏன் மன்றாடுகிறாய்? பாப்பரசருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் ரோமாபுரியில் படித்த குரு அல்ல, இந்த உபதேசியார். அவர் கையில் விருத்தத்தைக் கொடுத்து என்ன பயன்? படித்தவுடன் புரிந்து, திருப்பிச் சொல்லக்கூடிய நேரான தமிழ் அவருக்கு வேண்டும். ‘வேதவிளக்கம்’ அதைக் கொடுத்தது. தேம்பாவணியை எழுதிய கை இப்படி எழுதத் துணிந்ததே பெரிய காரியம் என்பேன்.

கேள்விகளிலேயே கூர்மையானது சுரூபத்தைப் பற்றியது. ஜெர்மனியில் இது ஒரு விதமாக ஒலிக்கும். இங்கே ஒலிப்பதே வேறு. “மரத்தில் சுரூபம் செய்து, மாலை சூட்டி, தேரில் ஏற்றி வீதி வலம் விடுகிறீர்களே, கோயில் திருவிழாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?” கார்த்திகைத் தேரோட்டத்தைப் பார்த்து வளர்ந்த நம்மூர் வாசகருக்கு இந்தக் கேள்வியின் கனம் சட்டென்று புரியும். கத்தோலிக்கர்களை ஒரே வீச்சில் இரண்டு பக்கமும் வெட்டும் கேள்வி இது. வேதத்தை மீறியவர்கள் என்று ஒரு பக்கம். விட்டு வந்த வழிபாட்டுக்கே திரும்பிப் போனவர்கள் என்று இன்னொரு பக்கம்.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்குச் சொல்லும் பதில் பழையது. 787-இல் நிசேயாவில் கூடிய சங்கமே அதை வகுத்துவிட்டது. ஆராதனை கடவுள் ஒருவருக்கே. சுரூபத்துக்குச் செய்யும் மரியாதை அது குறிக்கும் ஆளைச் சேரும். விக்கிரகம் கூடாது என்ற அதே வேதத்தில்தான் உடன்படிக்கைப் பெட்டியின்மேல் கெருபீன்களைச் செய்து வைக்கும் கட்டளையும், மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பும் வருகின்றன. “வேதத்தில் இல்லாததை ஏற்கமாட்டோம்” என்பவர்களிடம் கத்தோலிக்கர் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது வழக்கம்: எந்தெந்தப் புத்தகங்கள் வேதம் என்ற பட்டியல் வேதத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அதைத் தீர்மானித்தது திருச்சபை அல்லவா? இந்தக் கேள்விக்கு இன்றும் வலு குறையவில்லை. எதிர்த்தரப்பிலும் வலுவான பதில் உண்டு: மரித்தோருக்காகச் செபிப்பதைச் சொல்லும் மக்கபே ஆகமம் எபிரேய வேதத்தில் இல்லை என்று லுத்தரன்கள் காட்டினால், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இப்படி ஆதாரத்தோடு ஆதாரம் மோதிய பகுதிகள்தாம் இந்த வாதில் மதிப்புள்ளவை.

எல்லாப் பகுதிகளும் அப்படி இல்லை. லுத்தரன்கள் மறுப்பெழுத, முனிவர் ‘பேதகமறுத்தல்’ எழுதினார். ‘லுத்தேரினத்தியல்பு’ என்ற சிறுநூலில் ஏளனம் மிகுந்துவிட்டது. தரங்கம்பாடியார் எழுதிய தமிழையும் அவர் கடுமையாகச் சாடினார். அந்தத் தமிழ் கரடுமுரடானது என்பது உண்மை. ஆனால் ராஜநாயக்கனின் மனத்தை மாற்றியதும் அந்தக் கரடுமுரடான தமிழ்தான். முனிவரின் வசை அவர் பக்கத்து ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கலாம். எதிர்ப்பக்கத்தில் ஒருவரையும் அது அசைத்திருக்காது.

முனிவரின் வரலாற்றை 1822-இல் எழுதிய முத்துசாமிப் பிள்ளை வேறொரு வாதையும் சொல்கிறார். சடைமுடிச் சாமியார்கள் ஒன்பது பேர் வந்து ஒரு மாதம் வாதிட்டார்கள். ஆறு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களின் சடைகள் திருக்காவலூர் ஆலயத்தில் தொங்கவிடப்பட்டன என்கிறார். சம்பந்தாண்டான் கதையைப் போல, வென்றவர் தரப்பு மட்டும் சொல்லும் கதை இது. இதை வரலாறாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். ஓலையில் எழுதி, ஊர் ஊராகப் படியெடுக்கப்பட்ட ‘வேதவிளக்க’த்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. அது இன்றும் நம் கையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாதத்தை வரிக்கு வரி சோதித்துப் பார்க்கலாம்.

மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவனாவது எப்படி என்பதுதான் லூத்தர் கிளப்பிய முதற்கேள்வி. அதைப் பற்றி 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அந்தச் சம்மேளனத்தில் நம் பகுதியின் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் உறுப்பினர். பாப்பரசர், மாதா, சுரூபம் பற்றிய கேள்விகள் இன்னும் தீரவில்லை.

ஆனால் தரங்கம்பாடியார் 1999 வரை காத்திருக்கவில்லை. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். புதிதாக வரும் மிஷனரிகள் தமிழ் கற்க அதைவிட நல்ல நூல் அப்போது இல்லை. அதை எழுதியவர் தங்களைக் கிழித்துப்போட்டவர் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். முனிவர் உயிரோடிருக்கும்போதே, 1738-இல், அதே லுத்தரன் அச்சகம் அந்த இலக்கணத்தை அச்சிட்டு வெளியிட்டது.

(தொடரும்)